பழைய ஆப்பிள் திரையை ஸ்கிரீன் சேவராக ஓட்டுவது: கட்டளை வரி முழு வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் சர்வீஸ் கடை. ஓரத்து மேஜையில் ஒரு பழைய குண்டு மானிட்டர் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அதில் 1979-ம் வருடத்து ஆப்பிள் டூ பிளஸ் கணினி போல எழுத்து ஓடும். உள்ளே இருப்பது சாதாரண லினக்ஸ் பெட்டிதான். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பில் உள்ள ‘ஆப்பிள்2’ என்ற நிரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஏற்காட்டில் சின்னதாக விடுதி நடத்தும் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, வரவேற்பு மேஜையில் இதே மாதிரி சாப்பாட்டு நேரம் ஓட வேண்டும் என்றார்.

அவருக்குப் போனிலும், சனிக்கிழமை கடைக்கு வரும் பையன்களுக்கு நேரிலும் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது அதே நாலைந்து இடத்தில்தான். பாதிப் பேர் வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். எடுத்த எடுப்பில் செட்டிங்ஸைத் திறந்து நீளமாகக் கட்டளை அடிக்கிறார்கள். கறுப்புத் திரை வந்ததும் தப்பு எங்கே என்று தெரியாமல் முழிக்கிறார்கள். முதலில் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல் அது) கட்டளை அடித்து, சின்ன ஜன்னலில் ஓட வேண்டும். அங்கே ஓடாதது ஸ்கிரீன் சேவரிலும் ஓடாது. அதோடு, டெர்மினல் பிழையை வாய்விட்டுச் சொல்லும். ஸ்கிரீன் சேவர் சொல்லாது.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. இதில் ஒரு லாபமும் உண்டு. செல்போனில் வந்த கட்டளையை வெட்டி ஒட்டும்போது பல நேரம் ஒற்றைக் கோடு நீளக் கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும் மாறிப்போயிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) ஏற்காது. கையால் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

1. முதலில் தயார் செய்ய வேண்டியவை

லினக்ஸில் திரையை வரைய எக்ஸ் ஆர்க், வேலண்ட் என்று இரண்டு முறை உண்டு. உள்நுழையும் திரையில் எக்ஸ் ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுங்கள், வேலண்ட் வேண்டாம். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் எக்ஸ் சர்வருக்காகவே எழுதப்பட்டது. நிரல் சரியாக இருந்தும் திரை வரவில்லை என்று வந்தவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டெபியன், உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்கள் மூன்று தொகுப்புகளை நிறுவ வேண்டும்: எக்ஸ்ஸ்கிரீன்சேவர், எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-டேட்டா, எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-டேட்டா-எக்ஸ்ட்ரா. முதல் தொகுப்பை மட்டும் போட்டுவிட்டு ‘பட்டியலில் ஆப்பிளே இல்லை’ என்று வருவார்கள். மூன்றையும் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே வராது.

டெஸ்க்டாப்புடன் வரும் ஸ்கிரீன் சேவரையும் திரைப் பூட்டையும் அணைத்துவிடுங்கள். ஒரே திரைக்கு இரண்டு காவலாளி கூடாது. எது முந்துகிறதோ அது மற்றதை மூடி மறைக்கும்.

எல்லாவற்றையும் சாதாரணப் பயனராகவே செய்யுங்கள். சூப்பர் பயனர் அனுமதி தரும் ‘சூடோ’ கட்டளை, தொகுப்புகளை நிறுவுவதற்கு மட்டும். சூப்பர் பயனராக ஓட்டினால் அனுமதிச் சிக்கல்கள் வரிசையாக வரும். ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று முடிச்சு விழும்.

2. நிரல் இருக்கும் இடம்

டெர்மினலில் வெறுமனே ஆப்பிள்2 என்று அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். நிறுவவில்லை என்று நினைத்து மறுபடி நிறுவாதீர்கள். ஷெல் வழக்கமாகத் தேடும் அடைவுகளில் (ஃபோல்டர்களில்) இந்த நிரல்கள் இருப்பதில்லை, அவ்வளவுதான். முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும்:

/யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்ஸ்கிரீன்சேவர்/ஆப்பிள்2

முதல் சொல் யூ, எஸ், ஆர் என்ற மூன்றே எழுத்து. ‘யூசர்’ என்று முழுதாக அடிப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். ஃபெடோரா வைத்திருந்தால், அல்லது இந்தப் பாதையில் நிரல் இல்லாவிட்டால், ‘லிப்’ வரும் இடத்தில் ‘லிப்எக்செக்’ என்று மாற்றுங்கள்.

3. ஜன்னலில் ஓட்டிப் பார்ப்பது

மேலே உள்ள பாதையை அடித்து என்டர் தட்டினால் தனி ஜன்னல் ஒன்று திறந்து, பழைய டிவியில் கணினி ஓடுவது போலக் காட்டும். நிறுத்த, டெர்மினலுக்கு வந்து கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில் ‘-ரூட்’ என்ற விருப்பத்தை (ஆப்ஷனை) சேர்க்காதீர்கள். எங்கோ படித்துவிட்டு முதலிலேயே அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. ரூட் என்றால் திரையின் அடிப்பரப்பு. அதன் மேல் டெஸ்க்டாப் பாய் விரித்தது போல மூடியிருக்கும். நிரல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. அது ஸ்கிரீன் சேவர் ஓட்டும்போது மட்டும் தேவைப்படும் விருப்பம்.

இன்னொரு குழப்பம், கோடு ஒன்றா இரண்டா என்பது. பழைய பதிப்புகளில் விருப்பத்துக்கு முன்னால் ஒற்றைக் கோடு. புதியவற்றில் இரட்டைக் கோடாகக் காட்டும். புதியவை ஒற்றைக் கோட்டையும் ஏற்கும் என்பதால் நான் எல்லா இடத்திலும் ஒற்றைக் கோடே போட்டிருக்கிறேன்.

4. மூன்று முகங்களில் ஒன்று

விருப்பம் எதுவும் கொடுக்காவிட்டால் நிரல் தானாக ஒரு முகத்தை எடுத்துக்கொள்ளும். ‘நேற்று எழுத்து வந்தது, இன்று படம் வருது’ என்ற புகாருக்கு இதுதான் காரணம். ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

-பேசிக்: யாரோ உட்கார்ந்து பேசிக் மொழியில் நிரல் அடித்து ஓட்டுவது போல நடிக்கும். வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் இதோடு நிறுத்திவிட்டுப் பத்தாவது பிரிவுக்குப் போய்விடலாம்.

-டெக்ஸ்ட்: நாம் கொடுக்கும் எழுத்தை ஓட்டும். அறிவிப்புப் பலகைக்கு இது.

-ஸ்லைட்ஷோ: நம் படங்களைப் பழைய ஆப்பிளின் வண்ணத்துக்கு இறக்கிக் காட்டும்.

5. ஓட வேண்டிய எழுத்து

பழைய ஆப்பிளின் எழுத்துத் திரை 40 எழுத்து அகலம், 24 வரி உயரம். நான் 38 எழுத்து, 22 வரிக்குள் நிறுத்திக்கொள்வேன். குண்டு மானிட்டரின் ஓரங்களில் ஓரிரு எழுத்து விழுங்கப்படும். விடுதிப் பலகையில் ‘8 மணி’யின் எட்டு காணாமல் போனால் விருந்தாளி எப்போது சாப்பிட வருவார்?

தமிழ் எழுத்து இதில் வராது. அந்தக் காலத்து எழுத்துரு அப்படி. அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும்தான். அதுவும் டூ பிளஸில் பெரிய எழுத்து மட்டுமே. நண்பர் முதலில் அழகாகத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினார். ஓட்டினால் திரையில் குப்பைதான். பிறகு ‘இரவு சாப்பாடு 8 மணி’ என்பதையே ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தார். வாட்ஸ்அப்பில் பழகிய கைதானே, அதில் சிரமம் இல்லை. மேற்கோள், கோடு போன்றவற்றையும் விசைப்பலகையில் இருக்கும் சாதாரணக் குறிகளாகவே வையுங்கள்.

கோப்பை உங்கள் வீட்டு அடைவில் ‘பலகை.டிஎக்ஸ்டி’ என்று சேமியுங்கள். பயனர் பெயர் ‘கடை’ என்றால் முழுப் பாதை:

/ஹோம்/கடை/பலகை.டிஎக்ஸ்டி

6. மூன்று வரி ஸ்கிரிப்ட்

ஆப்பிள்2 கோப்பை நேராகப் படிக்காது. ஏதாவது ஒரு கட்டளையை ஓட்டி, அது துப்பும் எழுத்தை எடுத்துத் திரையில் போடும். கட்டளையை அங்கேயே நீளமாக எழுதலாம்தான். ஆனால் மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது கை நடுங்கும். தனி ஸ்கிரிப்டாக வைத்துவிட்டால் மேற்கோள் குறியே தேவைப்படாது. என் கடையில் இது சட்டம்.

‘பலகை.எஸ்ஹெச்’ என்ற கோப்பில் மூன்று வரிகள்:

#!/பின்/எஸ்ஹெச்
ஃபோல்ட் -எஸ் -டபிள்யூ 38 /ஹோம்/கடை/பலகை.டிஎக்ஸ்டி
ஸ்லீப் 30

முதல் வரி, இதை எந்த ஷெல் படிக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, நீளமான வரிகளைச் சொல் உடையாமல் 38 எழுத்துக்குள் மடித்துக் கொடுக்கிறது. நீங்கள் விரல் விட்டு எண்ண வேண்டாம்.

மூன்றாவது வரியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஸ்கிரிப்ட் முடிந்ததும், அது கொடுத்த எழுத்தெல்லாம் திரைக்கு வந்தபின் ஆப்பிள்2 மறுபடி அதையே ஓட்டும். இடைவெளி இல்லாவிட்டால் எழுத்து நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும், யாராலும் படிக்க முடியாது. அந்த இடைவெளிக்குத்தான் ஸ்லீப் 30. 30 என்பது வினாடி.

ஸ்லீப் கடைசி வரியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பையன் அதை இரண்டாவது வரியாக வைத்துவிட்டு, முதல் அரை நிமிடம் வெறும் திரையைப் பார்த்து ‘ஓடலைண்ணா’ என்று மூடிவிட்டான். மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினான். தட்டுவடை செட் வாங்கப் போய் வந்த நேரத்தில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, ஸ்கிரிப்டுக்கு ஓடும் அனுமதி கொடுங்கள்:

சிஹெச்மோட் +எக்ஸ் /ஹோம்/கடை/பலகை.எஸ்ஹெச்

பிறகு அந்த ஸ்கிரிப்டை மட்டும் தனியாக, முழுப் பாதையுடன் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். எழுத்து வந்து, அரை நிமிடம் நின்று, முடிய வேண்டும். ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்று வந்தால் கோப்பை விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்திருப்பீர்கள். அதன் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். லினக்ஸிலேயே புதிதாக அடித்துவிடுவது சுலபம். ‘பர்மிஷன் டினைடு’ என்றால் சிஹெச்மோட் மறந்திருக்கும், அல்லது கோப்பு இன்னும் பென்டிரைவிலேயே இருக்கும். வீட்டு அடைவுக்கு மாற்றுங்கள்.

7. இரண்டையும் இணைப்பது

/யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்ஸ்கிரீன்சேவர்/ஆப்பிள்2 -டெக்ஸ்ட் -புரோகிராம் /ஹோம்/கடை/பலகை.எஸ்ஹெச்

விருப்பங்கள் எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை. ஆனால் -புரோகிராம் என்பதை அடுத்து வரும் சொல்லை அது தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இடையில் வேறெதையும் நுழைத்தால் அதையே கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்க்கும்.

எழுத்து மெதுவாக, அந்தக் காலத்து வேகத்தில் வரும். அறிவிப்புப் பலகைக்கு அது தாங்காது என்றால் -ஃபாஸ்ட் சேருங்கள். என் கடையில் சேர்க்கவில்லை. கொலுசுக்கடைக்கு வந்தவர்கள்கூட ஒவ்வோர் எழுத்தாக விழுவதை நின்று பார்க்கிறார்கள். விடுதியில் சேர்த்திருக்கிறோம், அங்கே மலை ஏறி வந்த களைப்பில் நிற்பவருக்கு அறைச் சாவிதான் முதல் தேவை.

8. டிவியின் குமிழ்கள்

பழைய டிவிக்கு இருந்த நான்கு குமிழ்களும் இங்கே விருப்பங்களாக உண்டு: -டிவி-கலர், -டிவி-டின்ட், -டிவி-பிரைட்னஸ், -டிவி-கான்ட்ராஸ்ட். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண்.

‘கலர்’ என்பதற்கு நம் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஒரு ‘யூ’ உண்டு. இங்கே கிடையாது, அமெரிக்க எழுத்துக்கூட்டல். யூ போட்டால் நிரல் விருப்பத்தை அடையாளம் தெரியாமல் நின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்புங்கள். முதலில் கான்ட்ராஸ்ட், பிறகு பிரைட்னஸ். நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்று தேடுவது பஞ்சில் ஊசி தேடுவது போல. கறுப்பு வெள்ளை டிவி போல வேண்டுமென்றால் -டிவி-கலர் 0 போதும். குண்டு மானிட்டரில் பிரைட்னஸை ஏற்றாதீர்கள்; அதற்கு அதன் முகத்திலேயே குமிழ் இருக்கிறது, அதைத் திருப்புங்கள்.

9. படம் ஓட்டுவதென்றால்

செட்டிங்ஸில் படங்களுக்கான அடைவைக் காட்டிவிட்டு -ஸ்லைட்ஷோ கொடுத்தால் போதும். செய்வதில் கஷ்டம் இல்லை, படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம்.

பழைய ஆப்பிளின் நுண்திரை 280-க்கு 192 புள்ளி. நிறம் ஆறு: கறுப்பு, வெள்ளை, ஊதா, பச்சை, நீலம், ஆரஞ்சு. சாம்பல் என்று ஒன்று இல்லை. நண்பர் ஆசையாகக் கொடுத்த முதல் படம், பனி மூடிய ஏற்காடு ஏரி. அதில் சாம்பலைத் தவிர வேறென்ன இருக்கிறது? திரையில் வந்தது வண்ணப் பொரி. அடுத்து லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த சேலம் நகரத்து இரவு விளக்குகள்: கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பளிச்சென்று வந்தது. வெயிலில் நிற்கும் ஆரஞ்சுப் படகு, பச்சை இலைக்கு நடுவில் வெள்ளைக் காப்பிப் பூ, இவையும் நன்றாக வந்தன. முகங்கள் வராது. விடுதி உரிமையாளர் படத்தை வைக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை அந்தந்த ஊர் மரியாதைக்கு ஏற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஸ்கிரீன் சேவரிடம் ஒப்படைப்பது

ஜன்னலில் குறையில்லாமல் ஓடியபிறகுதான் இங்கே வர வேண்டும். எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-செட்டிங்ஸ் திறங்கள், பழைய பதிப்பில் அதன் பெயர் எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-டெமோ.

முதலில் மேலே உள்ள ‘மோட்’ என்பதை ‘ஒன்லி ஒன்’ என்று மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ‘ரேண்டம்’ என்று இருந்தால் பட்டியலில் உள்ள எல்லாமே மாறி மாறி வரும். அதில் பிஎஸ்ஓடி என்று ஒன்றும் இருக்கலாம்; கணினி செத்துப்போனது போல நீலத் திரை காட்டி ஏமாற்றுவதே அதன் வேலை. விடுதியில் முதல் நாள் அதுதான் வந்தது. பணியாள் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் கோப்புகளைச் சரிசெய்ய 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனது நான்.

பிறகு பட்டியலில் ஆப்பிள் டூ-வைத் தேர்ந்தெடுத்து ‘செட்டிங்ஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’ அழுத்துங்கள். கட்டளை வரி அங்கே தெரியும். ஏற்கனவே உள்ள ரூட் விருப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னால் நீங்கள் சோதித்த விருப்பங்களைச் சேருங்கள். இப்போது ரூட் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முழுத்திரையில் வராது.

வீட்டு அடைவில் உள்ள புள்ளி-எக்ஸ்ஸ்கிரீன்சேவர் கோப்பைக் கையால் திருத்தும் வழியும் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. நிரல் பட்டியலின் ஒவ்வொரு வரி முடிவிலும் பின்சாய்வுக் கோடு இருக்கும். அதற்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால் பட்டியல் அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்து நேரங்கள். ‘பிளாங்க் ஆஃப்டர்’ என்பது எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தொடங்க வேண்டும் என்பது, 5 வைத்தேன். ‘சைக்கிள் ஆஃப்டர்’ 0 வையுங்கள், இல்லாவிட்டால் பாதி வரியில் நிறுத்தி மறுபடி தொடங்கும். பொது இடத்துப் பலகை என்றால் ‘லாக்’ வேண்டாம். இங்கே நிமிடம், ஸ்கிரிப்டில் வினாடி என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆப்பிளுக்குப் பதில் ‘பாஸ்பர்’ என்ற பச்சைத் திரை நிரலை ஓட்டுபவர்களுக்கு இன்னும் ஒரு பொறி: அதன் -டிலே மைக்ரோவினாடியில். 50000 என்றால் வினாடியில் இருபதில் ஒரு பங்குதான்.

கடைசியாக, மின்சிக்கன அமைப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டர் தூங்கிவிடும், பழி ஆப்பிள் மேல் விழும்.

11. சோதனையும் தானாகத் தொடங்குவதும்

ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம். டெர்மினலில்:

எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-கமாண்ட் -ஆக்டிவேட்

‘நோ ஸ்கிரீன்சேவர் இஸ் ரன்னிங்’ என்று வந்தால் பின்னணியில் ஓட வேண்டிய எக்ஸ்ஸ்கிரீன்சேவர் ஓடவில்லை. உள்நுழைந்ததும் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற ஒற்றைச் சொல்லைச் சேருங்கள். மழைக் காலத்தில் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். அதனால் கடவுச்சொல் கேட்காமல் உள்நுழையும்படியும், கரண்ட் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸிலும் வைத்தோம்.

கட்டளையால் தொடங்குகிறது, தானாகத் தொடங்கவில்லை என்றால் மவுஸைப் பாருங்கள். விடுதி மேஜையில் கண்ணாடி போட்டிருந்தது. கண்ணாடிமேல் ஒளி மவுஸ் யாரும் தொடாமலே துளித்துளியாக நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். மவுஸுக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் அட்டையை வைத்ததும் சரியாகிவிட்டது.

12. தினசரி எழுத்தை மாற்றுவது

இதற்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சுற்றிலும் பலகை.டிஎக்ஸ்டி கோப்பைப் புதிதாகப் படிக்கிறது. கோப்பைத் திருத்திச் சேமித்தால் அடுத்த சுற்றில் புது எழுத்து வந்துவிடும். பெயரை மட்டும் மாற்றாதீர்கள். விடுதியில் ஒருமுறை ‘பலகை புதுசு’ என்று நடுவில் இடைவெளியோடு வேறு பெயரில் சேமித்துவிட்டு, இரண்டு நாளாக முந்தைய வார மெனுவே ஓடுகிறது என்று எனக்குப் போன் போட்டார்கள்.